தீவு விருந்தும் குடோன் சரக்கும்



நம் கடை வாசலில் வந்து நிற்கும் கம்பெனிப் பிரதிநிதி இப்போதெல்லாம் பையிலிருந்து முதலில் எடுப்பது ஆர்டர் புத்தகத்தை அல்ல. ஒரு வண்ணப் படத்தைத்தான். நீலக் கடல், வெள்ளை மணல், தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் ஓலைக் குடில்கள். “அண்ணாச்சி, இந்த மூன்று மாதத்துக்குள் டார்கெட்டை முடித்துவிட்டால் மாலத்தீவில் மூன்று இரவு, எல்லாம் கம்பெனி செலவு” என்கிறார். முன்பு எவர்சில்வர் குடமும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பிறகு தங்கக் காசு வந்தது. அதன் பிறகு கோவா, பாங்காக். இப்போது தீவு.

சங்கரன்கோவில் வட்டாரத்து வியாபாரிகள் சிலர் அண்மையில் அப்படி ஒரு டூர் போய் வந்தோம். கம்பெனியின் பெயரோ விடுதியின் பெயரோ இங்கே வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியானாலும் கதை ஒன்றுதான். பார்த்ததையும், திரும்பி வந்து பேரேட்டைப் புரட்டிப் பார்த்ததில் தெரிந்ததையும் நம் சங்க உறுப்பினர்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால், குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குள் மாலத்தீவில் இறங்கிவிடலாம். விமான நிலையமே ஒரு தனித் தீவில் இருக்கிறது. கதவைத் தாண்டியதும் சாலை இல்லை, கடல்தான். ஆட்டோ நிற்க வேண்டிய இடத்தில் படகு நிற்கிறது. அந்தப் படகில் போய் இறங்கிய தீவை நடந்தே சுற்ற கால் மணி நேரம் போதும். முப்பது ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகிறவனுக்கு, மூன்று நாள் சட்டைப் பையில் சாவிக்கொத்து இல்லாமல் நடப்பதே பெரிய சுகம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் ஒரு விஷயம் முதல் நாளே உறுத்தியது. சுற்றிலும் புது மாப்பிள்ளைகளும் மணப்பெண்களும். நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய நாங்கள் பதினெட்டு ஆண்கள். டிக்கெட் கடைக்காரருக்கு மட்டும்தான். டார்கெட்டுக்காகக் குடோனில் சரக்கு அடுக்கியபோது மூட்டை எண்ணியவரும், நாங்கள் கடலில் கால் நனைத்த மூன்று நாளும் கல்லாவில் உட்கார்ந்திருந்தவரும் வீட்டில் உள்ள அம்மாள்தான். அவருக்கு நாங்கள் வாங்கிப் போனது ஒரு பெட்டி சாக்லேட்.

இனி வியாபாரத்துக்கு வருவோம்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200 அளவில்தான். விடுதி நடத்துவதற்கென்றே தனித்தனித் தீவுகளைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்: ஒரு தீவுக்கு ஒரு விடுதி. 1972இல் முதல் விடுதி தொடங்கியபோது அதில் இருந்தது முப்பது அறை. பவளக் கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. வந்தவர்கள் இத்தாலியர்கள். அந்த விடுதியின் பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளநீர்க்காய் என்று பொருள். நாம் குரும்பை என்று சொல்கிறோமே, அதே உறவுதான். இந்தத் தீவுகள் உல்லாசப் பயணத்துக்கு லாயக்கில்லை என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஐ.நா. நிபுணர்கள் கருத்துச் சொன்னதாக அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2024இல் அந்த நாட்டுக்கு வந்த பயணிகள் இருபது லட்சம் பேருக்கு மேல்.

ஒரு தீவு, ஒரு விடுதி என்பதன் பொருளை நம்மைப் போன்ற கடைக்காரர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். அங்கே தங்குகிறவருக்குப் பக்கத்துக் கடை கிடையாது. தாகம் எடுத்தாலும் தலைவலி வந்தாலும் அந்த ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டும். விலைப் பட்டியலில் பத்து டாலர் என்று இருந்தால் அது பத்து டாலர் அல்ல. சேவைக் கட்டணம் பத்து சதவீதம் சேர்ந்து பதினொன்று ஆகும். அதன்மேல் சுற்றுலா வரி. 2023இல் 16 சதவீதமாக இருந்தது 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம் ஆகிவிட்டது. ஆக பத்து டாலர் பண்டம் பில்லில் ஏறத்தாழ பதின்மூன்று டாலர். இதுதவிர, விடுதித் தீவில் தங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்குப் பசுமை வரி என்று 2025 ஜனவரி முதல் பன்னிரண்டு டாலர். நம் டூரில் அறையும் சாப்பாடும் கம்பெனி கணக்கு. படகுச் சவாரி, மீன் பார்க்கக் கடலில் முங்குவது, குளிர்பானம், மற்றபடி சிலர் ஆசைப்பட்ட பானங்கள் எல்லாம் சொந்தக் கணக்கு. கிளம்பும் நாள் காலையில் கணக்குத் தீர்க்கும்போது பலர் முகத்தில் கடல் காற்று இறங்கிவிட்டது.

விடுதிக்காரரைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. மண்ணெல்லாம் பவள மணல். கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரம்தான் தரை. நெல் விளையாது, வெங்காயம் விளையாது. குடிதண்ணீரையே கடல் நீரிலிருந்து இயந்திரம் வைத்துப் பிரிக்கிறார்கள். 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயில் அந்த இயந்திர நிலையம் தீப்பற்றியபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. உப்பு, புளி தவிர்க்காமல் எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டிய இடத்தில் விலை ஏறத்தான் செய்யும்.

அந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நமக்கு ஆச்சரியம். சமையற்கட்டில் வேலை பார்க்கும் நம் பக்கத்துத் தம்பி ஒருவர், பேச்சுக் குரலைக் கேட்டுவிட்டு ஓடி வந்து, “ஊரு எது அண்ணாச்சி?” என்று விசாரித்தார். எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே அடுக்கியிருந்த முட்டை அட்டைப் பெட்டியில் நாமக்கல் என்று அச்சிட்டிருந்தது. வெங்காய மூட்டை தூத்துக்குடியில் ஏற்றியது. ஏழு கடல் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு நம் குடோனுக்குள்ளேயே நிற்பது போல இருந்தது.

இது புதிய உறவு அல்ல. மாலத்தீவிலிருந்து வந்த மாசிக் கருவாட்டை நம் பக்கத்துக் கடைகள் எத்தனை காலமாக விற்கின்றன! முதலாம் ராஜராஜ சோழன் கைக்கொண்டதாக அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் பன்னீராயிரம் தீவுகள் மாலத்தீவுதான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் காய்கறியும் மளிகையும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு அங்கே போய் வந்திருக்கின்றன. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சியிலிருந்து மாலேவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் சேவையும் தொடங்கி வைக்கப்பட்டது.

1981இல் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையின்படி அத்தியாவசியப் பண்டங்களை அந்த நாட்டுக்கு ஆண்டுதோறும் ஓர் அளவு குறித்து அனுப்ப நம் அரசு அனுமதிக்கிறது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் தடை நீங்குவதற்கு முன்பே, 2024 ஏப்ரலில், மாலத்தீவுக்கு மட்டும் 35,749 டன் வெங்காயத்துக்கு அனுமதி வந்தது. அரிசி 1,24,218 டன், சர்க்கரை 64,494 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், முட்டை 42 கோடியே 75 லட்சம். 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் இருப்பவர்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர். முட்டையை மட்டும் வகுத்துப் பாருங்கள், தலைக்கு 800க்கு மேல் வருகிறது. உள்ளூர்க்காரர்கள் மட்டும் தின்று தீர்க்கும் கணக்கா இது? விடுதி மேஜைக்கும் சேர்த்துத்தான். இத்தனைக்கும் 2024 ஜனவரியில் இரு நாட்டுக்கும் மனக்கசப்பு வந்து, 2023இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தியப் பயணிகள் எண்ணிக்கை 2024இல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் அளவுக்கு இறங்கியிருந்தது. கூட்டம் குறைந்தாலும் சரக்கு நிற்கவில்லை.

இந்த அனுமதிச் சரக்கு வெளியேறலாம் என்று அப்போது குறிக்கப்பட்ட நான்கு சுங்க நிலையங்களில் தூத்துக்குடியும் ஒன்று. நம் ஊரிலிருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாக அந்தத் துறைமுகம் இரண்டரை மணி நேரப் பயணம். விருந்து நடக்கும் வீட்டுக்குச் சரக்கு போகும் வழி நம் வாசல் பக்கம் இருக்கிறது. நாமோ அந்த விருந்துக்குக் கடன் வாங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

கடன் என்று ஏன் சொல்கிறோம்? ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கடைக்குக் கடை மாறும், வழி மாறாது.

ஒரு கடைக்கு ஒரு கம்பெனிச் சரக்கு மூன்று மாதத்தில் இயல்பாக 28 லட்சம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 40 லட்சம். ஆடித்தபசுக் கூட்டத்தை நம்பி, எப்படியும் தள்ளிவிடலாம் என்று 12 லட்சத்துக்குக் கூடுதலாக எடுக்கிறார். தபசுக்கு வருகிற பக்தர்கள் வாங்குவார்கள்தான். ஆனால் அவர்கள் கோமதி அம்பாளைத் தரிசிக்க வருகிறார்கள். நம் டார்கெட்டை முடிக்க வரவில்லை. சரக்கு தங்கிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விற்றாலும் சராசரி மூன்று மாதம் தங்கியது என்றால், மாதம் ஒன்றரை வட்டிக்கு 54,000 ரூபாய். பணம் முடங்கிய பயத்தில் ரூபாய்க்கு இரண்டு பைசா குறைத்துத் தள்ளினால் 24,000. தேதி முடிந்ததும் எலி கடித்ததுமாக 15,000. ஆக 93,000.

இதோடு முடியவில்லை. டூரும் வருமானம்தான். வியாபாரத் தொடர்பில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிச் சலுகை கொடுத்தால் பத்து சதவீத வரி பிடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2022 ஜூலை 1 முதல் வந்தது. அப்போது 194ஆர் பிரிவு என்று ஆடிட்டர்கள் சொன்னது இதைத்தான். இலவச டூர் இதில் அடக்கம் என்று வருமான வரித் துறை அப்போதே சுற்றறிக்கையில் விளக்கிவிட்டது. டூரின் மதிப்பு 90,000 என்று கம்பெனி காட்டினால் 9,000 பிடித்தமாகி நம் பான் எண்ணில் ஏறிவிடும். ஆனால் பிடித்தது முழு வரி அல்ல; அது முன்பணம். அந்த 90,000 நம் வருமானத்தில் சேரும். இருபது சதவீத வரி கட்டுகிறவருக்கு மொத்தம் 18,000. பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல், கணக்குத் தாக்கலின்போது ஆடிட்டர் சொல்லி விழித்தவர்கள் நம்மில் உண்டு.

93,000 உடன் 18,000 சேர்த்தால் 1,11,000 ரூபாய். 90,000 ரூபாய் டூருக்கு நாம் கொடுத்த விலை இது. விடுதியில் சொந்தக் கணக்கில் தீர்த்தது தனி.

கூடுதலாக எடுத்த 12 லட்சச் சரக்கில் லாபம் வந்திருக்குமே, அது எங்கே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சரக்கு அடுத்த மாதங்களில் எப்படியும் வாங்கி விற்றிருக்க வேண்டிய சரக்கு. நாம் விற்பனையைக் கூட்டவில்லை; கொள்முதலை முன்கூட்டி இழுத்தோம், அவ்வளவுதான். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அது விற்பனை. நம் குடோனில் அது பாரம்.

இதில் இன்னொரு கேடும் உண்டு. பெரிய கடைக்காரர் டார்கெட் சரக்கை விலை குறைத்துத் தள்ளும்போது அடிபடுவது யார்? அதே தெருவில் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று எடுத்து விற்கும் சிறு கடைக்காரர். அவர் வாங்கிய விலைக்குக் கீழே எதிர்க் கடையில் விற்கிறது. வாடிக்கையாளர் அவரைத்தான் கொள்ளை லாபக்காரர் என்று நினைக்கிறார். ஒருவர் தீவுக்குப் போக, பத்துப் பேர் தெருவில் மானத்தை இழக்க வேண்டுமா? சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது இதைப் பேசத்தானே?

அந்தத் தீவில் ஒன்று புரிந்தது. விடுதிக்குள் நுழைந்த விருந்தாளிக்கு வேறு கடை கிடையாது. டார்கெட்டுக்குள் நுழைந்த வியாபாரிக்கும் அப்படித்தான். பாதி தூரம் வந்த பிறகு விடமுடியாது. இன்னும் இரண்டு லட்சம்தான், இன்னும் ஒரு லட்சம்தான் என்று கம்பெனி சொல்கிற சரக்கை, சொல்கிற விலைக்கு, ஓடாத ரகமானாலும் எடுக்க வேண்டியதுதான். படகு நம் கையில் இல்லை.

மாலத்தீவுக்காரர்களே இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். பயணிகள் விடுதித் தீவுகளில் மட்டுமே தங்கலாம் என்று பல ஆண்டுகள் இருந்த நிலை 2009 வாக்கில் மாறியது. மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சிறு தங்கும் வீடுகள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் இன்று தெருவெல்லாம் அப்படிப்பட்ட வீடுகள். அங்கே தங்குகிறவர் காலையில் பக்கத்துக் கடையில் தேநீர் குடிக்கிறார், எதிர்க் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார். நான்கு கடை இருந்ததால் விலை இறங்கியது. நான்கு குடும்பமும் பிழைத்தது. மது மட்டும் அந்தத் தீவுகளில் கிடையாது. அதனால் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

கம்பெனிகளோடு நமக்குப் பகை இல்லை. வாசலுக்கு வருகிற பிரதிநிதித் தம்பிக்கும் மேலே ஒருவர் டார்கெட் வைத்திருக்கிறார். அவர் வயிற்றுப்பாடும் அதில் இருக்கிறது. இயல்பான ஓட்டத்திலேயே 40 லட்சம் விற்கிற கடைக்காரர் தாராளமாகத் தீவுக்குப் போகட்டும், மனதார வாழ்த்துவோம். நாம் சொல்வது மற்றவர்களுக்கு.

ஒன்று: ஸ்கீம் என்று வந்தால் டூரின் மதிப்பைத் தள்ளுபடியாகப் பில்லிலோ கிரெடிட் நோட்டிலோ கேளுங்கள். முடியாது என்று சொன்னால் அந்தத் தொகை எவ்வளவு என்றாவது எழுத்தில் கேளுங்கள். தொகை தெரிந்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

இரண்டு: தேதி முடிந்த சரக்கையும், ஓடாத ரகத்தையும் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கூடுதல் சரக்கு இறக்காதீர்கள். வாய்ச் சொல் சொன்ன பிரதிநிதி அடுத்த ஆண்டு வேறு லைனுக்குப் போய்விடுவார்.

மூன்று: டார்கெட் சரக்கை அடக்க விலைக்குக் கீழே தள்ளுவதில்லை என்று நம் ஊர் மொத்த வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். சிறு கடைக்காரர் பிழைத்தால்தான் மொத்தக் கடைக்குப் பாக்கி வசூலாகும்.

நான்கு: நம் இளைஞர்கள் அந்த வண்ணப் படத்தைப் பார்க்கும்போது குடிலைப் பார்க்க வேண்டாம், குடிலுக்குள் போகும் மூட்டையைப் பார்க்கட்டும். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் வாங்க அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறியும் நம் கைக்கெட்டும் தூரத்தில். ஒருவரால் ஒரு கன்டெய்னர் நிரப்ப முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். எடுத்தவுடன் பணம் போட வேண்டாம். தூத்துக்குடியில் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருப்பவர்களிடம் போய் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டு வரட்டும். பணம் எத்தனை நாளில் வருகிறது, அழுகல் எவ்வளவு கழிகிறது என்ற இரண்டு கேள்வி கேட்டால் தொழிலின் லட்சணம் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. டூரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வியாபாரிக்கும் ஓய்வு வேண்டும். கடலைப் பார்க்க அவருக்கும் கண் உண்டு. ஆனால் அதைக் கம்பெனி தரும்வரை காத்திருக்க வேண்டுமா? தினமும் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் தனியே எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 36,500. அந்தப் பணத்தில் ராமேஸ்வரம் போகலாம். இரண்டு மூன்று ஆண்டு சேர்த்தால் லட்சத்தீவோ அந்தமானோ போகலாம். தீவு எதுவானாலும் சரி, இரண்டு டிக்கெட்டாக எடுங்கள்.

மூன்றாம் நாள் மாலை, படகுத் துறையில் நாங்கள் நின்றபோது சூரியன் கடலுக்குள் இறங்கியது. நம்மோடு வந்த மூத்த வியாபாரி ஒருவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். “வீட்டுல அவ இதைப் பாக்கலையே” என்றார். பிறகு எங்களில் யாரும் படம் எடுக்கவில்லை.